பிள்ளையாரின் முதுகு

எனக்குத் தெரிந்த வேலை ஒரு கம்பை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது. கம்பின் உச்சியில் பிரிசம் என்று ஒரு கண்ணாடி இருக்கும். தூரத்தில் மூன்று காலில் நிற்கும் மெஷின் அந்தக் கண்ணாடியைப் பார்த்து, நான் நிற்கிற இடம் எது என்று எண்ணாகச் சொல்லும். நிலத்துக்கு எல்லை பிரிப்பது இப்படித்தான் தொடங்குகிறது. படித்தவர்கள் எல்லாம் மெஷின் பக்கம் நிற்பார்கள். நான் தொடக்கநிலை ஆறோடு படிப்பை நிறுத்தியவன், அதனால் கம்புப் பக்கம்.

சிறு வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்டு வாங்க மாட்டேன். பேருந்தில் என் காலை மிதித்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்பேன். பேசத் தேவையில்லாத வேலையாகத் தேடி அலைந்தபோது இது கிடைத்தது. மெஷின்காரர் கை காட்டுவார், நான் நகர்வேன். இருபத்து மூன்று வருடமாக இந்தத் தீவில் நான் கம்பு ஊன்றாத பேட்டை இல்லை. செம்பவாங்கில் நாய் துரத்தியபோதுகூடக் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. அது பொய். கம்பைப் போட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

கம்பின் இடுப்பில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி மூடி. அதற்குள் ஒரு நீர்க்குமிழி. நாங்கள் பபுள் என்போம். பபுள் வட்டத்தின் நடுவில் நின்றால் கம்பு நேராக நிற்கிறது, ஓரம் போனால் சாய்ந்திருக்கிறது. எங்கள் தொழிலில் எனக்கு முழுதாகப் புரிந்தது இது ஒன்றுதான். அதிலேயே நான் வழுக்கி விழுந்த கதை இது.

எங்கள் மெஷின்காரர் திருச்சிப் பக்கம் டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவர். வயதில் எனக்குத் தம்பி, வேலையில் எனக்கு மேலே. அவர் வந்த வருடத்திலிருந்து எங்கள் ஸ்டோர் ரூமில் ஆயுத பூஜை நடக்கிறது. மெஷின், டேப், சுத்தியல், ஆணி டப்பா என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சீனப் பெரியவரும் சுண்டலுக்காகக் கை கூப்பி நிற்பார். இந்த வருடம் பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. மெஷினின் லென்ஸில் மட்டும் வைக்கக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கம்புக்குத் தலை பிரிசம், கால் இரும்பு முனை. நெற்றி எது? நான் உண்மையாகவே யோசித்தேன். வட்டமாக, முகம் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது பபுள்தான். அதன் நடுவில் பெருவிரல் அளவு சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். லட்சணமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் தேக்கா சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கடைவீட்டில் வேலை. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வீடு. கடையை நடத்துகிற அக்காதான் வீட்டுக்கும் சொந்தக்காரர். அறுபது வயதிருக்கும். சாம்பார் கரண்டி கையில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கடையை ஒருவர் புதிதாக வாங்கியிருந்தார், அங்கே பியர் கடை வைக்கப் போகிறார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். எல்லைக் கோடு அந்தச் சுவருக்கு உள்ளேயே நீளமாக ஓடுகிறது. ஒரு பாதி அக்காவுக்கு, மறு பாதி அவருக்கு. தன் பாதியில் இரும்புத் தூண்கள் இறக்குவதற்கு முன்னால் கோடு எங்கே என்று தெரிய வேண்டும் என்று எங்களை அழைத்திருந்தார்.

அந்தச் சுவரில்தான், அடுப்படியில், ஒரு மாடம். அக்காவின் மாமனார் சுவரைக் குடைந்து, கருங்கல் பிள்ளையாரைச் சிமெண்டு வைத்துப் பதித்திருந்தார். எடுத்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தினமும் அவருக்குச் சூடம் காட்டிய பிறகுதான் கடையில் அடுப்பு எரியும்.

"எத வேணா அளந்துக்கோங்க தம்பி. இவர மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க லா" என்றார் அக்கா, இந்த ஊர்க்காரர்களின் 'லா'வோடு.

தலையாட்டினேன். அதுதான் எனக்கு நன்றாக வரும்.

சுவருக்குள் கம்பை ஊன்ற முடியாது. அதனால் கோட்டிலிருந்து சரியாக அரை மீட்டர் தள்ளி, அக்காவின் தரையில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அங்கிருந்து சுவரை நோக்கி டேப்பில் அரை மீட்டர் போனால் கோடு. தம்பி பின் சந்தில் மெஷினை வைத்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், ஆளைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு சாம்பார்ப் பானை. அவற்றுக்கு மேலே பிரிசம் தெரிவதற்காகக் கம்பை என் தலைக்கு மேல் நீட்டினேன். பிறகு பழக்க தோஷத்தில் பபுளைப் பார்த்தேன்.

சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது. குமிழி இருந்ததா, செத்துவிட்டதா என்றே தெரியவில்லை.

துடைத்திருக்கலாம். ஒரு சுரண்டு போதும். ஆனால் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்புக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்களே. இந்தக் காலத்துல யாரு லா இதெல்லாம் செய்யுறா?"

இதைக் கேட்ட பிறகு, விஜயதசமி அன்று, பிள்ளையார் முன்னால், அவர் கண் எதிரே அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுக்க எனக்கு வரவில்லை.

வாக்கி டாக்கியில் தம்பியின் குரல். "பபுள் ஓகேவாண்ணே?"

"ஓகே."

இருபத்து மூன்று வருடம் பிடித்த கை, தானே நேராக நிற்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஒரு முறை அளந்தது அளவே இல்லை. மறுபடி அளந்து இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தம்பி மறுபடி அளந்தார். அதே கம்பு, அதே நான், அதே சாய்வு. அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. தம்பி சந்தில் நின்று விசிலடித்தார்.

மூன்று நாள் கழித்து எங்கள் சர்வேயர் மேடம் வந்தார். வரைபடத்தில் கையெழுத்துப் போட உரிமம் பெற்றவர் அவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கையெழுத்துக்கு முன்னால் அக்காவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று எங்களையும் அழைத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்தார்.

"ஆன்ட்டி, இந்த மாடம் பவுண்டரியத் தாண்டிப் போகுது. த்ரீ சென்டிமீட்டர்."

"தாண்டிப் போகுதுன்னா?"

"மாடத்தோட ஆழம் பதினஞ்சு சென்டிமீட்டர். கோடு பன்னெண்டுலயே வந்துடுது. மிச்சம் மூணு அவங்க சைடு."

அக்கா கரண்டியைப் பானையின் மேல் வைத்தார். "அப்ப என் பிள்ளையாரோட முதுகு பியர் கடையில இருக்கு. அதான சொல்ற?"

மேடம் வரைபடத்தை மடித்தார். "டெக்னிக்கலி... ஆமா."

"முன்னாடி கொழுக்கட்டை, பின்னாடி பியர்" என்று தம்பி என் காதில் சொன்னார்.

"நீ சிரிக்காத லா" என்றார் அக்கா, திரும்பாமலேயே.

புதுக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. சாரி என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அடுத்த வாரம் தூண் இறங்குகிறது. அதற்குள் பிள்ளையாரை எடுத்துவிட்டு மாடத்தைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பிள்ளையாரின் வயிற்றில் ஒட்டியிருந்த பழைய பூவை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே இவரு இங்க இருக்காரு. பாக்கப் போனா நான்தான் வந்து குடியேறுனவ. என்னைய வேணா அளந்து வெளிய போடுங்க."

நான் கம்பைப் பார்த்தேன். நடுவில் வந்த மழையில் சந்தனம் கரைந்து போயிருந்தது. வட்டத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று. குமிழி நடுவில் ஒன்றுமே நடக்காதது போல ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீடு இருக்கிற புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் ரயிலில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் அது நீளமாக, அரிசி மூட்டையையும் சாம்பார்ப் பானையையும் குற்றம் சொல்வதாக இருந்தது. இறங்குவதற்குள் மூன்று சொல்லாகக் குறைந்திருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வேறு இடம் போய்விட்டார். உதடு அசைந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மேடத்தின் அறை வாசலில் நின்றேன். மேடத்தின் அறைக்குள் நான் போனது அதற்கு முன் ஒரு முறைதான், விளக்கு மாற்ற.

"மேடம், பபுள் தெரியல அன்னைக்கு."

கணினியிலிருந்து திரும்பினார். "என்ன அங்கிள்?"

"பபுள்ல சந்தனம் வச்சிருந்தேன்."

"சந்தனம்."

"குங்குமமும்."

"பபுள் மேலயா? அங்கிள், அவ்ளோ நீளக் கம்புல வேற எடமே இல்லையா?"

"நெத்தி மாதிரி இருந்துச்சு மேடம்."

வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா என்று பார்ப்பதற்குள் கை இறங்கிவிட்டது, சிரிப்பு இல்லை. "நான் சைன் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? என் லைசென்ஸ விடுங்க. அந்த ஆன்ட்டி சாமிய ஒடச்சிருப்பாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் ஓகே சொன்னீங்க?"

"அந்தக்கா பாத்துக்கிட்டு இருந்தாங்க."

இதைவிட உண்மையான காரணம் என்னிடம் இல்லை. மேடம் வரைபடத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

லிஃப்டில் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "செக் பண்ணப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லண்ணே! மில்லிமீட்டர் மாறலன்னு மேடம்கிட்ட எவ்ளோ பீத்திக்கிட்டேன் தெரியுமா? பூஜைல உங்களுக்குச் சுண்டல் குடுத்தது என் தப்பு."

அன்றே மறுபடி போனோம். தம்பி மெஷினைச் சந்தில் வேறு இடத்தில் வைத்தார். மேடமும் அவர் பக்கத்தில் நின்றார். என் கம்புக்கு இந்த முறை இரண்டு காலுள்ள தாங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். கம்பை அரைச் சுற்றுத் திருப்பியும் பார்க்கச் சொன்னார்கள். திருப்பிய பிறகும் குமிழி நடுவிலேயே நின்றால் அது பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். என்னை அப்படிச் சோதிக்க வழி இல்லாததால் எல்லாரும் அதைச் சோதித்தார்கள்.

ஆனால் அளக்க முடியவில்லை. மாடத்தை அடைக்க ஆள் வந்துவிட்டதாக நினைத்து அக்கா கரண்டியோடு அதன் முன்னால் நின்றார். மெஷின் பார்வைக்குச் சரியாகக் குறுக்கே.

"அண்ணே, அந்தக்காவக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க" என்றது வாக்கி டாக்கி.

இருபத்து மூன்று வருடத்தில் நான் ஒருவரையும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. அவர்களாக நகரும்வரை நின்றிருக்கிறேன். ஒரு முறை வாசலில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்காக அரை மணி நேரம்.

"அக்கா" என்றேன். "கொஞ்சம் தள்ளுங்க. போன தடவ கம்ப நான் தப்பாப் பிடிச்சிட்டேன். அந்தப் பொட்டு மறைச்சிருச்சு. சாமி மேல தப்பில்ல."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தன வருஷமா இந்த வேல பாக்குற?"

"இருபத்து மூணு."

"நல்லாத்தான் பாத்திருக்க" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தார்.

புதுக் குறி பழைய குறியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் சுவர்ப் பக்கமாக விழுந்தது. அன்று என் கம்பின் கால் பின்னால் நிற்க, மெஷின் பார்த்த தலை மட்டும் அந்த அளவுக்குப் பிள்ளையாரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தம்பி அதைப் பக்தி என்றார். மேடம் வேறு ஒரு வார்த்தை சொன்னார். அவரே உள்ளே வந்து டேப்பை இரண்டு முறை பிடித்துப் பார்த்தார். கோடு சுவருக்குள் பதினேழு சென்டிமீட்டரில் ஓடியது. மாடம் பதினைந்து. பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் அக்காவின் செங்கல், அதற்கு அப்புறம்தான் பியர் கடை.

"ஒன்னும் ஒடைக்க வேணாம் ஆன்ட்டி. எல்லாம் உங்க சைடுதான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "பாத்தியா? அவரே நகந்து உள்ள வந்துட்டாரு."

"அவரு நகரலக்கா. கோடுதான்..." என்று தொடங்கினேன். அதற்குள் அவர் தொலைபேசியில் யாரிடமோ பிள்ளையார் நகர்ந்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அதில் எனக்கு ஒரு வேடமும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

இன்னும் ஒரு புள்ளி பாக்கி. மேடமும் தம்பியும் சந்துக்குப் போனார்கள். நான் கம்பைத் தாங்கியில் நிறுத்தும்போது அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விரலில் ஒரு பெரிய உருண்டை. நேராகக் கம்பின் இடுப்புக்குப் போனார்.

உள்ளங்கையால் பபுளை மூடினேன்.

"அது மேல வேணாம்க்கா. இங்க வைங்க" என்று நெற்றியை நீட்டினேன்.

அவர் வைத்த வைப்பில் பாதிச் சந்தனம் மூக்கு வரை வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"அங்கிள், பபுள்?" என்றது மேடத்தின் குரல்.

கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். "நடுவுல இருக்கு மேடம்."