தூசி அளக்கப் போன நாள்

“18-2-1992, செவ்வாய். ராஜபாளையம். மிக்ஸிங் பகுதி. தரை ஈரம்.”

வடிதாள் உறையின் மேல் நான் எழுதிவைத்த குறிப்பு இது. அப்போது மதுரையில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு நூற்பாலைத் தூசியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையம் ஆலைக்குப் போய், பஞ்சுப் பொதி பிரித்துக் குப்பை பொறுக்கும் மிக்ஸிங் பகுதியில் வேலை செய்தாள். ஞாயிறு விடுப்பு முடிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்தாலே அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

“தூசி அதிகம்னு மிஷின் சொல்லட்டும், ஒங்கக்காவ வைண்டிங்குக்கு மாத்திருதேன்” என்றிருந்தார் ஆலை மேலாளர். நூல் சுற்றும் அந்தப் பகுதியில் தூசி குறைவு. காற்றை உறிஞ்சித் தூசியை வடிதாளில் பிடிக்கும் கருவி எங்கள் துறையில் ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு நாளைக்குத் தந்தார்கள். ஆலையிலும் ஒரு நாள்தான் அனுமதி.

கருவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், தரை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. சன்னல் கம்பியில்கூடப் பஞ்சு இல்லை.

“யுனிவர்சிட்டி புள்ள வருதுன்னு விடியமுன்னே வரச்சொல்லி எங்க இடுப்ப ஒடிச்சுட்டா ஒங்கக்கா” என்றாள் அக்காவோடு வேலை செய்பவள்.

“தூசிய அளக்கத்தானக்கா வந்தேன்!”

“ஏட்டி, கண்ணுக்குத் தெரியாத தூசியத்தான் மிஷின் புடிக்கும்னு நீதான சொன்ன? நாங்க கூட்டுனது கண்ணுக்குத் தெரியிறத. எந்தங்கச்சி வார அன்னைக்குக் குப்பைக்குள்ளயா நிக்க முடியும்?” என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கம்போல் வேலை செய்யச் சொன்னேன். என் சேலையில் பஞ்சு ஒட்டிவிடக் கூடாதென்று பொதிகளை மெல்ல மெல்லப் பிரித்தார்கள்.

மதுரையில் வடிதாளை எடைபோட்டபோது தூசி அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. தரை ஈரமாக இருந்ததை அறிக்கையில் எழுதினேன். மேலாளர் எண்ணை மட்டும் பார்த்தார்.

“மிஷினே சொல்லிருச்சேம்மா.”

அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “அப்போ எனக்கு ஒண்ணுமில்ல போல” என்றாள். அதன்பின் திங்கட்கிழமைகளைப் பற்றி அவள் பேசவே இல்லை. இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசிவரை அதே பகுதிதான். 1997 கார்த்திகையில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். சளிப் பரிசோதனை முடிவு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. பின்னர் எக்ஸ்ரே கேட்டுப் போனேன். பழையது கிடையாது என்றார்கள். அவள் காசநோயால் இறந்தாளா, பஞ்சுத் தூசியாலா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.