நாக்கில் படாத கறுப்பு பீர்

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை ஆனையூரில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. மச்சான் வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, இனி ஊரோடுதான் என்று வந்து சேர்ந்திருந்தார். வந்தாரே தவிர மனசு ஒட்டவில்லை. எதற்கெடுத்தாலும் "பேசாம கப்பலுக்கே போறேன்" என்பார். அக்கா முகம் சுண்டிப்போகும்.

ஏதோ ஒரு துறைமுகத்தில் குடித்த கறுப்பு பீர் மேல் அவருக்கு அப்படியொரு கிறுக்கு. அதற்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற காய்ந்த பூவாம். ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். பார்லிக்குப் பதில் கேழ்வரகை முளைகட்டி, கறுக்க வறுத்து, பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ரொட்டிக்கடை ஈஸ்ட் போட்டு மண்பானையில் மூடிவைத்தார். போலீஸுக்குத் தெரிந்தால் அவரும் நானும் கம்பி எண்ண வேண்டியதுதான். ருசி பார்க்கும் உத்தியோகம் எனக்கு. ஓசியில் கிடைத்தால் விடுவேனா?

முதல் பானை வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது. "அருமை மச்சான்" என்று புளுகினேன். கண்ணில் வந்த தண்ணீர் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டாவது பானை நம்மூர் வெயிலில் புளித்து நாறியது. மிச்சம் இருந்தது ஒரே கைப்பிடி பூ.

"இதுவும் வீணாப்போச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு ஒண்ணுமே சரிவராதுன்னு அர்த்தம் மாப்ள. கப்பல் ஏஜெண்டைப் பாக்கப் போயிருவேன்" என்றார்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். எங்கள் அப்பாவைச் சாராயம்தான் கொண்டுபோனது. அந்த வாடை வந்தாலே அவளுக்குக் குமட்டும். அப்படிப்பட்டவள், புளித்த பானைமேல் குனிந்து மூச்சை இழுத்தாள்.

குலசாமிக்குப் பொங்கல் வைத்தால் எங்கள் பக்கம் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். படைக்கும் முன் எச்சில் படக்கூடாது. உப்பு, உறைப்பு எல்லாம் மோந்து பார்த்துத்தான். அதில் அக்கா பலே கெட்டிக்காரி.

"கேப்பையைக் காந்தவிட்டுட்டீங்க. பாதியைப் பொன்னா எடுத்துருங்க, மிச்சம் மட்டும் கறுக்கட்டும். பூவை எதுக்கு அம்புட்டு நேரம் கொதிக்க விடுறீங்க? மணமே இல்ல. ரசத்துக்கு மல்லித்தழை எப்பப் போடுவோம்? அது மாதிரி பாதிப் பூவை இறக்குறப்ப போடுங்க. பானையை ஈரமணல்ல புதைங்க."

மச்சான் அவள் சொன்னபடியே காய்ச்சி, பானையை ஈரமணலில் புதைத்தார். தினமும் அக்கா மணலை நனைப்பாள், மூடியைத் தூக்கி மோப்பாள். ஒருநாள் குமட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடியவள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி குனிந்தாள். "இன்னும் பச்சவாட போகல." ஒருவழியாக ஒரு காலையில், "ம், எடுங்க" என்றாள்.

கருப்பட்டிப் பாகு நிறம், மேலே பழுப்பு நுரை. அடேயப்பா! வறுத்த வாசம் முதலில், பின்னாலேயே லேசாய் ஒரு இனிப்பு. விழுங்கிய பிறகுதான் அந்தப் பூவின் கசப்பு நிதானமாக ஏறியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காமல் எப்படிச் செய்தாள் இவள்?

மச்சான் கண் கலங்கிவிட்டது. "அங்க குடிச்சதவிட நல்லாருக்கு. ஒரு சொட்டு வச்சுப் பாரு" என்று அக்காவிடம் டம்ளரை நீட்டினார்.

"எனக்கு வேணாம். ஏஜெண்டைப் பாக்கப் போறீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

"போகல."

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பூ தீர்ந்துபோனதால் அந்த வீட்டில் பிறகு பீர் காய்ச்சவில்லை. மச்சானும் கப்பல் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவைக் கொண்டுபோன வாடைக்குள்ளேயே தினமும் முகத்தைக் கொடுத்து, புருஷனை ஊரில் நிறுத்திக்கொண்டாளே என்று நினைக்கும்போதெல்லாம், அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.