நிலத்தில் வைத்த கத்தி

யுத்த காலத்தில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கத்தி செய்வேன். மற்ற நாட்களில் கோட்டையில் கிளாக்கர் உத்தியோகம். அங்கே ஏறும் எரிச்சலையெல்லாம் சுத்தியலில் இறக்குவேன். துறைமுகத்தில் இரும்பு ராவித் தேய்ந்து கழித்துப் போட்ட அரங்களைக் கொண்டுவந்து, கரி நெருப்பில் சிவக்கவைத்துத் தட்டி, தேங்காய் எண்ணெயில் தோய்த்தெடுப்பேன். விற்பதில்லை. யாருக்குக் கத்தியோ, அவர் கையை அளந்து பலா மரத்தில் பிடி செதுக்குவேன். அப்படி ஒரு பைத்தியம்.

வீடு அக்காவின் புருஷனுடையது. வாயால் அத்தான் என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் அவன் எனக்கு அவன்தான். சாராயம் உள்ளே போனால் அக்காவை அடிப்பான். அடியாத மாடு படியாது என்பான். நான் குறுக்கே போனால் எனக்கும் விழும், நானும் கொடுப்பேன், பிறகு அதற்கும் சேர்த்து அக்காவுக்கு விழும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இரும்பை அடித்தேன்.

அவனுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய ஆசாரம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும். நிலத்தில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் சனங்களிடம் உள்ள வழக்கம்தான். ஆனால் ஒருநாள் அக்கா மறந்துபோய் மாங்காய் வெட்டிய கத்தியை அவனிடம் நீட்டியதற்குக் கன்னத்தில் அறைந்தான். பகை வரக் கூடாதென்று அறைந்த மனுஷன்.

அந்த ஞாயிறு, அக்காவின் சின்னக் கைக்கென்று செய்த மீன் கத்தியைத் தீட்டி, அவர் சமைக்கும் குசினியில் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் அலறல் கேட்டு ஓடினேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம். அக்கா உதடு கிழிந்து நிலத்தில் கிடந்தார். அவன் ஒரு கையால் கொண்டையைப் பிடித்து, மறு கையால் என் கத்தியை அவர் கழுத்தில் வைத்திருந்தான். நான் தீட்டிய கூர் எனக்குத் தெரியும். இழுத்தால் போதும்.

"அத்தான், கத்தியை என்னட்டைத் தாங்கோ. உங்கடை காலிலை விழுறன்," என்றேன்.

கெஞ்சியது அவனுக்கு இனித்திருக்க வேண்டும். சிரித்தான். கொண்டையை விட்டான். நான் கையை நீட்டினேன். கைக்குக் கை கத்தி வாங்குகிற, பழக்கம் தெரியாத சனம் என்று என்னைத் திட்டிவிட்டு, குனிந்து கத்தியை மரியாதையாக நிலத்தில் வைத்தான்.

நிலத்தில் அக்கா இருந்தார். பிடியும் அவர் கைக்கு அளந்தது. நான் குனியுமுன் அதை எடுத்து, இரண்டு கையாலும் அவனுடைய வெறும் பாதத்தில் இறக்கினார். முனை பாதத்தைத் துளைத்துச் சீமெந்தில் உரசிய சத்தம் கேட்டது. அவன் ஊளையிட்டு விழுந்தான். அக்கா கத்தியைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். இனித் தன்மேல் கை வைத்தால் அடுத்தது கழுத்து என்றார். நான் தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றும் அதற்கு வெட்கப்படவில்லை.

மீன் வெட்டும்போது கத்தி காலில் விழுந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். பிறந்ததிலிருந்து ஒரு மீன் கழுவாதவன். மாடு அன்றைக்குத்தான் படிந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் வீடு திரும்பியபோது அக்கா கத்தியைக் கழுவித் துடைத்திருந்தார். முனை மழுங்கிவிட்டதாம், தீட்ட வேண்டுமாம். என்னிடம் நீட்டினார். நான் பழக்கத்தில் நிலத்தைக் காட்டினேன்.

"பிடி தம்பி," என்றார். "நான் இனிக் கத்தியை நிலத்திலை வைக்கமாட்டன்."