ஸ்டெல்லா என்னிடம் சொன்னது

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கமிட்டி உறுப்பினர். அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஸ்டெல்லா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, செயலாளர் பொய்க் கையெழுத்துப் போட்டு ஆளுங்க சேமிப்ப எடுக்கறாரு. கமிட்டியில சொல்லுங்க."

நான் நம்பவில்லை. என் மகளைக் கல்லூரியில் சேர்க்க ஓடியாடி உதவியவர் அவர். அவரிடமே போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே ஸ்டெல்லாவுக்கு வேலை போயிற்று. நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அவர் பதவியை விட்டுப் போன பிறகுதான் திருட்டு வெளியே வந்தது. கொழுந்து பறிப்பவர்களின் சேமிப்பெல்லாம் போயிருந்தது. தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் போட்டோம். கடைசி வரிசையில் தன் அப்பாவோடு ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பொண்ணுதானே அங்க கிராணி? இதுக்கும் பங்கு இருக்கும் லா!" என்று லோரி ஓட்டும் முனியாண்டி கத்தினார். நாலைந்து பேர் எழுந்துபோய் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

எழுந்தேன். "இந்தப் புள்ள அப்பவே என்கிட்ட சொல்லிச்சு. நான்தான் செயலாளருகிட்ட போட்டுக் கொடுத்தேன்."

"நீயா?" என்று கேட்ட முனியாண்டி, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வெளியே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு வருஷம் லேட்டு அக்கா" என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இப்போது தானா ராத்தா டவுனில் அவளைக் கண்டால் நானே போய்ப் பேசுகிறேன். சில நாள் பதில் சொல்வாள். சொல்லாத நாளில் எனக்குக் கோபம் வருவதில்லை.