வரிசையில் நான் தட்டாமல் விட்ட கதவு

நான் தட்டவில்லை. தட்டினேன் என்று சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு விளக்கம். விளக்கம் என்றாலே சாக்குதானே என்று நீங்கள் நினைக்கலாம்... நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

நான் முதலில் ஷேர் ஆட்டோக்காரன். தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, முழங்காலோடு முழங்கால் இடிக்க ஆட்களை ஏற்றி ஓட்டியவன். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். பின்சீட்டிலிருந்து கேட்டுக் கற்றதுதான் அதிகம். "வேலை போனவன் மூஞ்சி, சார்ஜ் போன செல்லு மாதிரி நைனா. எவனும் கையில எடுக்க மாட்டான்" என்று ஒருவர் ஒரு நாள் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் பேர் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் என் வண்டியிலேயே தங்கிவிட்டது. இப்படி எத்தனை பேருடைய பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன்!

மெட்ரோ ரயில் வந்தது. பின்சீட்டு காலியாக ஆரம்பித்தது. ஹெவி லைசென்ஸ் எடுத்து டிரெய்லர் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது, காசிமேட்டில் மீன் எடுத்து விற்க தினமும் என் ஆட்டோவில் வரும் கன்னியம்மா அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நீ ஒரு ரேடியோ பொட்டிடா. ஆளே இல்லாத வண்டியில போயி யார் கிட்ட பேசுவ? கண்ணாடி கிட்டயா?"

நானும் சிரித்தேன். அக்கா சொன்னது அப்படியே பலிக்கும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

மணலியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு பழைய லாரி. அதன் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசையக்கூடக் கை வராது. அங்கேதான் டேவிட்டைப் பார்த்தேன். எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்துக்காரன். என் வயதுதான் இருக்கும். வலையை விட்டுவிட்டு ஏன் லாரிக்கு வந்தாய் என்று கேட்டேன்.

"ஆத்துல மீனு இல்ல மாமு. கரண்டு கம்பெனி சாம்பல்தான் கீது. சாம்பல்ல கொழம்பு வெச்சா எவன் துன்னுவான்?"

எல்லாவற்றையும் இப்படித்தான் சொல்வான். துக்கத்தையும் கேட்பவர் சிரிக்கிற மாதிரி சொல்லத் தெரிந்தவன். என் பேரைச் சொல்லி ஒரு தடவைகூட அவன் கூப்பிட்டதில்லை. அவனுக்கு நான் எப்போதும் "ஷேர் ஆட்டோ"தான்.

இரண்டு பேரும் ஒரே நாளில் டெஸ்ட்டுக்குப் போனோம். அவன் தேறினான். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்துவிட்டேன். இறங்கி வந்த என்னைப் பார்த்து, "கம்பத்தையும் ஏத்திக்கினு போலாம்னு பாத்தியா? இது ஷேர் ஆட்டோ இல்ல மாமு!" என்று ஊரே கேட்கக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நான் மறுபடி டெஸ்ட்டுக்குப் போன அன்று, அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாதபோதும் வந்தான். வேலிக்கு வெளியே வெயிலில், கையில் ரோஸ் மில்க் பாட்டிலோடு நின்றான். நான் தேறி வெளியே வந்தபோது, பாதி குடித்த பாட்டிலை நீட்டி, "ரொம்ப நேரம் ஆக்கிட்ட, சூடாயிடுச்சு" என்றான்.

டிரெய்லர் வேலை முதலில் அவனுக்குத்தான் கிடைத்தது. பிறகு அவனே இன்னொரு முதலாளியிடம் சொல்லி எனக்கும் வாங்கிக் கொடுத்தான். டிரெய்லரைப் பின்னால் எடுப்பது தனி வித்தை. பின்னால் இருக்கும் கன்டெய்னர் பெட்டி போகவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். படகில் சுக்கான் பிடித்த கைக்கு அது உடனே வந்துவிட்டது. எனக்கு வியர்த்தது. பொறாமைப்பட்டேனா? பட்டேன். அதை மறைத்தால் மற்றதையெல்லாம் ஒப்புக்கொண்டு என்ன பயன்?

டிரெய்லரின் கேபினைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாலையில் போகிற எல்லோரையும் விட நீங்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். எல்லோர் தலையும் தெரியும், ஒருவர் குரலும் கேட்காது. ஷேர் ஆட்டோவில் என் காதுக்குப் பின்னால் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே என்ஜின் மட்டும்தான் பேசும். சில நாள் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்வேன்... கண்ணாடியைப் பார்த்து. கன்னியம்மா அக்கா சொன்னாளே!

துறைமுக வாசலுக்குப் போகும் வரிசை இருக்கிறதே, அது எண்ணூர் விரைவுச்சாலையில் கடலோரமாக நீளும். ஒரு பக்கம் பாறையும் அலையும். மறு பக்கம் பெட்டி ஏற்றிய வண்டிகள், ஒன்றின் முதுகில் இன்னொன்று மூக்கை வைத்தபடி. எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் கேபினிலேயே படுத்துத் தூங்குவார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததல்ல, எல்லோரும் அறிந்தது. முன்னால் இருப்பவன் தூங்கிவிட்டால், வரிசை நகரும்போது பின்னால் இருப்பவன் இறங்கிப்போய் அவன் கதவைத் தட்ட வேண்டும். தட்டாமல் சுற்றிக்கொண்டு போனால், நின்ற வண்டி ரிப்பேர் என்று அர்த்தம். அதற்குப் பின்னால் வருகிறவர்களும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அதை எனக்குச் சொன்னவனும் டேவிட்தான். "தட்டாம போறவன் லாரிக்காரனே இல்ல" என்றான்.

அன்று அவன் வண்டிக்குப் பின்னால் என் வண்டி.

முந்தின வாரம்தான் நான் ஒரு கப்பலைத் தவறவிட்டிருந்தேன். பெட்டியை உள்ளே விடும் நேரம் முடிந்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஆட்டோ ஓட்டினவனுக்கு எதுக்குய்யா டிரெய்லரு? இன்னொரு வாட்டி இப்டி வந்தா சாவியைக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு." அன்றும் பெட்டியை மதியத்துக்குள் உள்ளே விட்டாக வேண்டும். எனக்கும் அதே கப்பல், டேவிட்டுக்கும் அதே கப்பல்.

காலையில் டீ குடிக்கும்போதே அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். "பூரி துன்னது எரியுது மாமு. தோள்பட்டை வேற பேஜாரு பண்ணுது. கொஞ்சம் சாஞ்சுக்கறேன். நவுந்தா தட்டு."

"தட்டறேன், போ" என்றேன். பாக்கெட்டிலிருந்த இஞ்சி மிட்டாய் ஒன்றைக் கொடுத்தேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: நெஞ்செரிச்சல், தோள்பட்டை வலி... உனக்குத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை. என் குற்றம் அது இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது வரிசை நகர்ந்தது. டேவிட்டுக்கு முன்னால் இருந்த வண்டி போய்விட்டது. அவன் வண்டி அசையவில்லை. இறங்கிப் போனேன். ஜன்னலில் லுங்கியைத் திரையாகக் கட்டியிருந்தான். கேபினை வீடு மாதிரி வைத்திருப்பவன் அவன். செருப்பைப் படியில் ஜோடியாக விட்டுவிட்டுத்தான் ஏறுவான். அன்று படியில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றொன்று கீழே தார்ச்சாலையில் குப்புறக் கிடந்தது.

பார்த்தேன். அதைப் பார்த்தேன்!

தட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். அதே நேரம் வாசல் பக்கமிருந்து ஒருவன் கத்திக்கொண்டே வந்தான்: "சீக்கிரம் வாங்கப்பா! இன்னும் கொஞ்சம் வண்டிதான் உள்ள வுடுவானாம், அப்பால கேட்டை மூடிடுவானாம்!"

தூக்கிய கை அப்படியே நின்றது.

தட்டினால் அவன் எழுந்திருப்பான். கண்ணைத் துடைப்பான், தண்ணீர் குடிப்பான், என்னைக் கிண்டல் செய்வான், அப்புறம் வண்டியைக் கிளப்புவான். எனக்கு முன்னால் உள்ளே போய்விடுவான். கடைசி வண்டியாக அவனே போய், அவனுக்குப் பின்னால் கேட் மூடினால்?... இவ்வளவும் யோசித்தேனா? இல்லை, இதெல்லாம் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா? தெரியாது. கை கீழே இறங்கியது மட்டும் தெரியும். ஹாரன் சத்தத்தில் அவனே எழுந்துகொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் தெரியும்.

என் வண்டியில் ஏறி, வலது பக்கம் ஒடித்து, அவனைச் சுற்றிக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் இருந்த காசிம் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா மாமு, ரிப்பேரா?"

நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலுக்குப் பிறகு அவன் வண்டியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? வரிசை முழுவதும் அவனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, ஆற்றுக்கு நடுவே நிற்கும் பாறையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போவதுபோல.

பெட்டியை இறக்கிவிட்டு, 'நேரத்துக்குள் முடித்துவிட்டேன்' என்று முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் "பரவால்ல" என்றார். அந்த ஒரு சொல்லுக்குச் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் எதிர்ப்பக்கச் சாலையில் திரும்பி வரும்போது கூட்டத்தைப் பார்த்தேன். மோர் விற்கும் பெண் ஒருத்திதான், ரொம்ப நேரமாக ஒரே வண்டி நிற்கிறதே என்று படியேறி லுங்கியை விலக்கிப் பார்த்திருக்கிறாள்.

மாரடைப்பு என்றார்கள். எப்போது உயிர் போனது? மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. நான் கதவருகே நின்றபோது உள்ளே அவன் இருந்தானா, அதற்கு முன்பே போய்விட்டிருந்தானா, இல்லை... என்னைக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தானா? இதை எனக்குச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் யாரும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் என் கோழைத்தனத்தில் பாதிதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீதி, அடக்கம் முடிந்த அன்று குப்பத்தில் நடந்தது. அவன் மனைவி ஸ்டெல்லா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"அண்ணா, நீதான் பின்னாடி இருந்தியாமே. தட்டுனியா?"

எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள்! டிரைவர்கள், அவன் சொந்தக்காரர்கள், சுவரோரமாகக் காசிம்...

"தட்டுனேம்மா" என்றேன். "ரெண்டு மூணு வாட்டி தட்டுனேன். ஏந்திரிக்கல. அசந்து தூங்கறான்னு நெனச்சி..."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"அப்ப, அப்பவே போய்ட்டாரு. நண்டு ஊர்ற சத்தம் கேட்டாக்கூட முழிச்சிக்குற மனுஷன் அவரு. நீ தட்டியும் ஏந்திரிக்கலன்னா... தூக்கத்துலயே, நோவு தெரியாம போய்ட்டாரு."

பக்கத்தில் இருந்த பெண்கள், "ஆமாம்மா, புண்ணியவான் சாவு" என்றார்கள்.

என் பொய்யைத்தான் அவள் தலைக்கு வைத்துப் படுக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "இந்த அண்ணன் தட்டிப் பாத்தாரு" என்று என்னைக் காட்டிச் சொல்கிறாள். அவன் நினைவு நாள் ஜெபத்துக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைக்கிறாள். கிடைத்த மீனில் நல்ல துண்டு என் தட்டுக்குத்தான் வருகிறது. உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கினால், அது நேராக அவள் தலையில் விழும். அவள் புருஷன் அந்த வெயிலில் விழித்துக்கொண்டே கிடந்திருப்பானோ என்று அவள் வாழ்நாள் முழுவதும் யோசிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இது அவள் மீது இரக்கமா? அல்லது எனக்கு வசதியா? இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காசிம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. யாரிடமும் எதுவும் சொன்னதாகவும் தெரியவில்லை. டீக்கடையில் நான் உட்காரும் பெஞ்சில் மட்டும் அவன் உட்காருவதில்லை.

இப்போது நான் வரிசையில் தூங்குவதில்லை. நகர்ந்ததும் இறங்கி, எனக்கு முன்னால் இருப்பவனை மட்டுமல்ல, கண்ணுக்கு எட்டுகிற எல்லாக் கதவுகளையும் தட்டுகிறேன். புதுப் பையன்கள் எனக்கு 'அலாரம் அண்ணன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். "உன்னை மாரி ஒரு மனுசன் வரிசைக்கு ஒருத்தன் இருந்தா போதும் அண்ணே" என்கிறார்கள். எத்தனையோ பேருடைய பேச்சை ஆசையாகச் சேர்த்து வைத்தவன் நான். இந்த ஒரு பேச்சை மட்டும் வைத்துக்கொள்ள இடம் கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். நல்ல பகல். ஜன்னலில் லுங்கியைக் கட்டினேன். ஒரு செருப்பைப் படியில் விட்டு, ஒன்றைத் தரையில் தள்ளிவிட்டேன். கண்ணை மூடாமல் படுத்துக்கொண்டேன். வரிசை நகர்ந்தது. நான் அசையவில்லை.

காலடிச் சத்தம் வந்தது. கதவில் ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "அண்ணே... அண்ணே!" செருப்பைப் பார்த்திருப்பான் போல, குரல் மாறியது. படியில் ஏறினான். லுங்கி விலகியது. வெளிச்சமும், அதோடு பயந்த ஒரு முகமும் உள்ளே வந்தன.

"இன்னா அண்ணே நீ, உசுரே போய்டுச்சு எனக்கு! ஒடம்பு சரியில்லையா?"

அவ்வளவுதான். அவ்வளவு நேரம்தான் ஆனது. அவன் எனக்குப் பின்னால் இருந்த வண்டிக்காரன். முன்பின் பார்த்ததில்லை, பேர்கூடத் தெரியாது.

"அசந்துட்டேன்பா" என்றேன்.

அவன் இறங்கும்போது குனிந்து, தரையில் கிடந்த என் செருப்பை எடுத்துப் படியில் மற்றதோடு ஜோடியாக வைத்துவிட்டு, தன் வண்டிக்கு ஓடினான். முன்னால் இடம் காலியாக இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன்.