மணிமங்கலத்தில் ராணிக்குத் தண்ணீர் ஊற்றிய காலை

மணிமங்கலம் கூத்துக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1991, ஆடி மாதம். தங்கச்சி செல்வி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுப் பெண்கள் அங்கே போய்த் தண்ணீர் ஊற்றினால் மனசு ஆறும் என்றார்கள். எனக்கு ஆறவே இல்லை. அதனால் போனேன்.

தாம்பரத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய்.

"இன்னாக்கா, ராத்திரியெல்லாம் கூத்து நடந்துது. முடியசொல்ல போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"அழுவுற கட்டம் காலையிலதானே."

"அப்ப கர்சீப் எட்தாந்தீங்களா?"

பழைய சோகக் கதை. எதிரிக்குப் பயந்து ராணி கோட்டைக் கதவை அடைக்கச் சொல்கிறாள். அடிபட்ட மகன் வெளியே நின்று தட்டுகிறான். எதிரியின் தந்திரம் என்று நினைத்து, யாரென்று கேட்காமலே இருந்துவிடுகிறாள். விடிந்து பார்த்தால் மகன் பிணம். ஊர் கேட்கும்போது, காவல்காரன்தான் அடைத்தான் என்று கைகாட்டுகிறாள். அவனைத் துடைப்பத்தால் அடிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவளால் எந்தக் கதவையும் சாத்த முடியவில்லை. கோட்டையைத் திறந்து போட்டு, வாசலிலேயே உட்கார்ந்து சாகிறாள்.

ஏழு மணிக்கு முடிந்தது. ராணி வேஷக்காரர் சாயம் கழுவும்போது பெண்கள் வரிசையாக ஆளுக்கொரு சொம்பு ஊற்றி, செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"சீக்கிரம் ஊத்தும்மா, மத்தியானம் ஷிப்டு கீது. பேரு?" என்றார் ராணி.

"செல்வி. தங்கச்சி."

"இன்னா ஆச்சு?"

"மாமியாக்காரி..." என்று எப்போதும் சொல்வதைத் தொடங்கினேன். பக்கத்தில் காவல்கார வேஷக்காரர் சட்டையில்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணது அவ, வீக்கம் எனக்கு. வருசாவருசம் இதே ரோதனை" என்று முதுகைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். முதுகு நிஜமாகவே கோடு கோடாகச் சிவந்திருந்தது.

தொடங்கியதை முடிக்காமல் சொம்பைக் கவிழ்த்தேன். சாவதற்கு மூன்று நாள் முன்னால் செல்வி ஒரு பையோடு தனியாக என் வீட்டுக்கு வந்தாள். புருஷன் இல்லாமல் வந்தால் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள் என்றுதான் தெருவில் பேசுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்ன ஏதென்று கேட்கவில்லை. விருந்துக்கு வந்து போகிறவள் போலத் தெரியட்டும் என்று தட்டில் பூவும் குங்குமமும் வைத்துக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் சண்டை போட்டு வரவில்லை. மஞ்சள் காமாலை என்று செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் மருந்து கொடுப்பார்கள் என்று வந்திருக்கிறாள். சாவு வீட்டில் நான் அவள் மாமியாரைப் பார்த்து, "நீதான் கொன்னுட்டே" என்று கத்தினேன். ஊரும் நம்பியது.

வீட்டுக்குத் திரும்பாமல் படப்பை போய், ஒன்பதே காலுக்கு ஒரகடம் பஸ் பிடித்தேன். இறங்கி, செல்வியைக் கட்டிக்கொடுத்த வடக்குப்பட்டுக்கு முக்கால் மணி நேர நடை, நிழல் கிடையாது. அவள் மாமியார் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும். வந்தவொடனே சொல்லிட்டா. நீ குடுத்த தட்டு உள்ளதான் கீது."

"அப்ப ஏன் அத்தே ஊர்ல சொல்லல?"

"என்னிய திட்டசொல்ல உனக்கு அழுவ வந்துது. அதுவும் இல்லன்னா நீ இன்னா பண்ணுவே?" கடலை முறத்தை என் பக்கம் தள்ளினார். "வெயில்ல நிக்காத. உக்காந்து உரி."

அன்று மதியம் வரை உரித்தேன். சாயங்காலம் அவரோடு நாலு வீடு ஏறி, நடந்ததை என் வாயால் சொன்னேன்.

போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். கூத்து முடிந்ததும் எழுந்துவிடாமல் சொம்பு வரிசையில் நில்லுங்கள். படப்பைக்கு எட்டரைக்குப் பஸ் இருந்தது, இப்போது நிறைய ஓடுகிறது. யார் வீட்டுக்காவது போக வேண்டியிருந்தால், ஊற்றிய கையோடு அன்றைக்கே போய்விடுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் போக மாட்டோம்.