றப்பர் முகம்

புஸ்பராணிக்கு அருவருப்பு என்ற ஒன்றே கிடையாது என்றுதான் துறைமுகத்துப் பக்கத்து மீன் சந்தையில் எல்லாரும் சொல்வார்கள். பின்னே? ஆக்கள் வாங்கிவரும் மீனைப் பதினாறு வருசமாகச் செதில் சுரண்டி, குடல் எடுத்து வெட்டிக் கொடுக்கிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டா இருப்பாள்? காலையில் அறுக்கும் முதல் மீனின் குடலைக் காகங்களுக்கு எறிந்துவிட்டுத்தான் தொழிலைத் தொடங்குவாள். அதுகளும் அவளுடைய காலடியிலேயே நின்று தின்னும்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் திலக்சன் வந்தான். காகத்துக்கு மனிதமுகம் நினைவிருக்குமா என்று மூன்று நாட்டு ஆக்கள் சேர்ந்து ஆராய்கிறார்களாம். இந்த ஊருக்கு இவன்தான் பொறுப்பாம். ஒரு றப்பர் முகமூடியைப் போட்டுக்கொண்டு, செத்த காகத்தைக் கையில் தூக்கியபடி அவள் சந்தை வாசலில் நிற்க வேண்டும். அடுத்த நாள் வேறொரு முகமூடியோடு வெறுங்கையாய் நிற்க வேண்டும். எந்த முகத்தைக் கண்டு காகம் கத்துகிறது என்று அவன் எழுதுவான். கண்டறியாத ஆராய்ச்சி! ஆனாலும் பெடியன் மரியாதையாய்க் கேட்டான் என்று ஓம்பட்டுவிட்டாள்.

அஞ்சாம் நாள் வெயில் கொளுத்தியது. ஐஸ் பெட்டியில் வைத்திருந்த காகம் நாறத் தொடங்கிவிட்டது. மீன் நாற்றம் வேறு, இது வேறு. றப்பருக்குள் வேர்வை வாய்க்குள் ஓட, புஸ்பராணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, எனக்கு ஏலாது. சத்தி வரப் போகுது."

"இன்னும் ரெண்டு நிமிசம்தான் அக்கா. முகமூடியைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ. இண்டைக்குக் கணக்கை அனுப்பாட்டில் அந்த வெளிநாட்டு ஆக்கள் ஏசுவினம்."

கழற்றினாள். கூரை முழுக்கக் காகம். கையில் பிணத்தோடு நின்ற அவளுடைய சொந்த முகத்தை எல்லாம் வடிவாய்ப் பார்த்தன.

மறுநாள் அவள் எறிந்த குடலை ஒன்றும் தொடவில்லை. ஒன்று கத்த, நாற்பது சேர்ந்து கத்தின. மீன் வெட்டும் பலகைக்கு மேலே பறந்து பறந்து அவளுடைய தலையில் கொத்தின. எச்சம் விழுந்த மீனை எவர் கொண்டுபோய்ச் சமைப்பார்? சீ! வாடிக்கை ஆக்கள் பையோடு பக்கத்துப் பலகைக்கு ஓடினார்கள். மூன்று மாதம் இதே அரியண்டம். கடைசியில் சந்தைப் பொறுப்பாளர் வந்து, இந்தக் கிழமையோடு இடத்தை விடச் சொல்லிவிட்டார்.

திலக்சனைக் கூப்பிட்டாள். வந்து அண்ணாந்து பார்த்தவனுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, அந்தச் சின்னனுகளைப் பாருங்கோ! அப்ப இதுகள் பொரிக்கவே இல்லை. பெரிசுகளைப் பார்த்துப் பழகியிருக்குதுகள். வெளிநாட்டு ஆக்கள் கேட்டாத் துள்ளுவினம்!"

பதினாறு வருசமாக எந்த மீன் குடலிலும் வராத அருவருப்பு அவன் பல்லைப் பார்க்க வந்தது. தூ என்று துப்பினாள்.

"என்ர இடம் போகுது, உனக்குத் துள்ளல் கேக்குதோ? வெறுங்கையோட நிண்ட மற்ற முகத்தைக் கொண்டா!"

அந்த முகத்தோடு காகங்களுக்குப் பகை இல்லை. ரோசாக் கன்னமும் அசட்டுச் சிரிப்புமாக எவனோ ஒரு வெள்ளைக்காரனின் முகம். அதை மாட்டிக்கொண்டு அடுத்த நாள் பலகையில் இருந்தாள். குடலை எறிந்தாள். காலடியில் வந்து தின்றன. திலக்சன் அதையும் படம் எடுத்தான், மானம் கெட்டவன்.

பத்து வருச வாடிக்கைக்காரி ஒருத்தி, கனநாளைக்குப் பிறகு வந்து பாரைமீனை நீட்டினாள்.

"முந்தி இருந்த புஸ்பராணி அக்கா எங்க? வேலையை விட்டு நிண்டிட்டாவோ?"

புஸ்பராணி றப்பர் முகத்தைக் கழற்றாமலே மீனை வாங்கிப் பலகையில் வைத்தாள்.

"ஓம். நிண்டிட்டா."